கேட்டுக்கு வெளியே ஒரு கேன்டீன்

துரித உணவையும் உடற்பருமனையும் இணைத்துப் பேசும் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. அவற்றில் வரும் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஏசி உண்டு, காரில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து இரவு பத்து மணிக்கு வெளியே வரும் ஆபரேட்டருக்கு ஃபாஸ்ட் ஃபுட் என்றால் சாலையோரத் தள்ளுவண்டிதான். இரைச்சலிடும் கேஸ் அடுப்பு, அதன்மேல் கரியேறிய இரும்புச் சட்டி. சாயங்காலமே வடித்து ஆறவைத்த சாதம் மூடி போட்ட டப்பில் இருக்கும். கரண்டியில் பாமாயிலை மொண்டு ஊற்றுவார், முட்டையை உடைத்துச் சிதறடிப்பார், முட்டைக்கோஸும் கேரட்டும் ஒரு பிடி, அப்புறம் சாதம், சோயா சாஸ், சில்லி சாஸ், உப்பு, ஒரு சிட்டிகை டேஸ்ட்டிங் பவுடர். சட்டியைக் குலுக்கித் தூக்கிப் போட்டுக் கிளறினால் நாலே நிமிடத்தில் பார்சல் ரெடி. "அண்ணே, நமக்குக் காரம் தூக்கலா", "பையா, ஏக் சிக்கன் ரைஸ்" என்று தமிழும் இந்தியும் ஒரே வரிசையில் நிற்கும்.

இந்தப் பொட்டலம் உடம்பைப் பெருக்க வைக்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 கிராம் அரிசியில் 520 கலோரி. எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி என்று வைத்தால் இன்னொரு 360. முட்டைக்கு 70. மொத்தம் 950. புரதம் 17 கிராம் தேறலாம், நார்ச்சத்து பேருக்குத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரி போதும். நடுத்தர உழைப்பாளிக்கு 2710, கடும் உழைப்பாளிக்கு 3470. ஆக, அந்த ஒரு பொட்டலம் முதலாமவருக்கு அரைநாள் தீனிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. மூன்றாமவருக்கு அது கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டியின் விசேஷம், இந்த மூன்று பேரும் ஒரே வண்டியின் முன் நிற்பது. சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் இந்த வட்டாரத்தில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் ஏராளம். செக்கச்சிவந்த கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் வேலையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அந்த உடம்பு உண்ட கலோரியை எரித்துவிடும். ஆனால் தேர்வாய்கண்டிகையின் மிஷெலின் டயர் ஆலை, திருவள்ளூர்ப் பக்கம் கேட்டர்பில்லர் என்று பின்னால் வந்த பெரிய ஆலைகளில் பாரம் தூக்குவதும் நகர்த்துவதும் பெரும்பாலும் எந்திரத்தின் பாடு. மனிதர் நிற்கிறார், பார்க்கிறார், பொத்தானை அழுத்துகிறார். களைப்பு நிஜம்தான். எட்டு மணி நேரம் நின்றால் கால் கடுக்கும், கவனம் சிதறக்கூடாது என்பதில் தலை கனக்கும். அந்தக் களைப்புக்கு உடம்பு செலவிட்ட கலோரி மட்டும் குறைவு. உழைத்த உடம்பு பசிப்பதுபோலவே நின்ற உடம்பும் பசிக்கிறது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் அரை நூற்றாண்டில் வேலையிடத்தில் செலவாகும் ஆற்றல் நாளொன்றுக்கு நூறு கலோரிக்கும் மேல் குறைந்துவிட்டது என்று திமோத்தி சர்ச் குழுவினர் 2011இல் கணக்கிட்டார்கள். அங்கே ஐம்பது வருடம் எடுத்த மாற்றம் பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டாரத்துக் குடும்பங்களில் ஒரே தலைமுறையில் நடந்திருக்கிறது. அப்பா சேற்றில் இறங்கியவர், மகன் சிஎன்சி மெஷின் முன் நிற்பவர். வீட்டில் தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் அப்பா காலத்து அளவு.

மாநில அளவில் எண்கள் ஓடியிருக்கும் வேகத்தையும் பார்த்துவிடலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ள பெண்கள் 2005-06இல் 20.9 சதவீதம், 2015-16இல் 30.9, 2019-21இல் 40.4. ஆண்கள் இதே காலத்தில் 14.5இலிருந்து 28.2க்கும், பிறகு 37.0க்கும் ஏறினார்கள். கடைசி ஆய்வில் இந்தியச் சராசரி பெண்களுக்கு 24.0, ஆண்களுக்கு 22.9. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பத்துப் பேரில் நான்கு பேர் எடை கூடியவர்கள், ஐந்து பேருக்கு மேல் இரத்தம் குறைந்தவர்கள் என்றால் இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

ஆராய்ச்சி இதைப் பற்றி என்ன சொல்கிறது? அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது மார்க் பெரேரா குழுவினர் 2005இல் லான்செட்டில் எழுதியது. மூவாயிரம் அமெரிக்க இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வாரம் இரண்டு முறைக்கு மேல் துரித உணவுக் கடைக்குப் போனவர்களுக்கு, வாரம் ஒரு முறைக்கும் குறைவாகப் போனவர்களைவிட 4.5 கிலோ எடை அதிகம் ஏறியிருந்தது. இன்சுலின் எதிர்ப்பு கூடியதும் அவர்களைப்போல் இருமடங்கு. இதை மறுப்பது சுலபம்: கடைக்கு அடிக்கடி போகிறவர் வேறு விதங்களிலும் ஒழுங்கில்லாதவராக இருக்கலாமே! கெவின் ஹாலின் சோதனையை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. 2019இல் வெளியான அந்தச் சோதனையில் இருபது பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய ஆலை உணவும் இரண்டு வாரம் சமையலறை உணவும் கொடுத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் பரிமாறிய அளவில் சமம். வேண்டுமளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்டபோது அவர்கள் நாளொன்றுக்கு 500 கலோரி அதிகம் உண்டார்கள், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள்.

அந்தச் சோதனையில் நம் விஷயத்துக்கு முக்கியமான குறிப்பு ஒன்று உண்டு. ஆலை உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்மையானது, மெல்ல வேண்டியதில்லை, வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டு காலி. தள்ளுவண்டி எக் ரைஸை ஆலை உணவு என்று சொல்ல முடியாது. அரிசியும் முட்டையும் கண்முன் சமைத்தவை, பாட்டில் சாஸ்தான் ஆலையிலிருந்து வந்தது. ஆனால் எண்ணெயும் உப்பும் பூசிய மெல்லிய சாதம், மேற்படி சோதனையின் உணவைப் போலவே தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. உண்மையான ஆலை உணவு பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்குகிறது: ஐந்து ரூபாய் பிஸ்கட், பத்து ரூபாய் சிப்ஸ், ஃப்ரிட்ஜில் குளிர்பானம். 250 மில்லி குளிர்பானத்தில் சர்க்கரை சுமார் 26 கிராம். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உலைக்கு முன் வியர்த்து ஊற்றிவிட்டு வருபவர் ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்கிறார். அவர் கேட்டது தண்ணீர், உடம்புக்குப் போனது ஒரு நாள் சர்க்கரை.

நேரத்தின் பங்கு இதில் பெரிது. 2004இல் ஈவ் வான் கௌட்டர் ஆய்வகத்தில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நாலே மணி நேரம் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. அவர்கள் குறிப்பாகக் கேட்டது இனிப்பும் மாவுப்பண்டமும் உப்புத்தீனியும். வாரத்துக்கு வாரம் ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று ஷிஃப்ட் மாறும் ஊரில் இந்தச் சோதனை நிரந்தரமாக நடந்துகொண்டிருக்கிறது, சோதனைக்கூடம் மட்டும் கிடையாது. சின்ன யூனிட்களில் ஓவர்டைம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் என்பது சாதாரணம். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவை எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சட்டம் போனது, ஓவர்டைம் இருக்கிறது. பத்து மணிக்கு வெளியே வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து அறைக்குப் போய், அரிசி களைந்து உலை வைப்பவர் எத்தனை பேர்? நாலு நிமிடப் பார்சலை வாங்குகிறவரிடம் நாக்கைக் கட்டுப்படுத்தச் சொல்லும் டாக்டர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர் வாங்குவது ருசியை மட்டுமல்ல, ஒரு மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்து.

வண்டி வருவதற்கு முன்பே மேடை தயாராக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பசியை ஒழித்ததில் இந்தத் திட்டங்களுக்கு உள்ள பங்கை யாரும் குறைத்துவிட முடியாது, நான் குறைக்கவும் இல்லை. ஆனால் மலிவாகக் கிடைத்தது தீட்டிய அரிசியும் எண்ணெயும்தான். காய்கறி சந்தை விலைக்கு விடப்பட்டது. சென்னையில் வி. மோகன் குழுவினர் நடத்திய க்யூர்ஸ் ஆய்வில், மக்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதை அதிகம் உண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு பல மடங்கு இருந்தது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். வெள்ளை வெளேரென்று தீட்டுவதே அங்கே தரம். வீட்டில் மூன்று வேளையும் அரிசி, நாலாவது வேளையாக வண்டியில் அதே அரிசி எண்ணெயில் புரண்டு வருகிறது. பழியை முழுக்க வண்டிக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இதைச் சொன்னவுடன் கேழ்வரகுக் கூழுக்குப் போய்விடுவது நம் பழக்கம். வட தமிழ்நாடு கூழ் குடித்த நாடுதான், நெடுஞ்சாலை ஓரத்தில் மோர்மிளகாயோடு கூழ் விற்கும் பானைகளை இப்போதும் பார்க்கலாம். கூழ் நல்லது. கூழ் மட்டுமே இருந்த காலம் நல்லதாக இருக்கவில்லை. அந்தக் காலத்தின் பட்டினி இன்றைய தொப்பையிலும் இருக்கிறது என்பதைப் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக் காட்டினார். 2004இல் லான்செட்டில் அவரும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஒரு புள்ளி வித்தியாசமில்லை. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. ஊட்டம் குறைந்த தாய்க்கு எடை குறைவாகப் பிறக்கும் குழந்தை தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது அவருடைய புனே ஆய்வுகளின் சாரம்.

நடைமுறையில் இதன் பொருள்: நமக்கு அளவுகோல் வேறு. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடிப் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை என்றும் வகுத்தார்கள். வேலைக்குச் சேரும்போது எடை பார்த்து "ஃபிட்" என்று கையெழுத்தாகும் இருபத்தைந்து வயது இளைஞர், இன்ச் டேப்பை எடுத்தால் தேறமாட்டார். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்தது. பொதுவான உடற்பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம்.

இனி கேன்டீனுக்கு வருவோம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 46ஆவது பிரிவு 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்றது. என்ன உணவு, என்ன விலை என்பதற்கு அரசு விதி வகுக்கலாம், நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 55ஆவது பிரிவு ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஐம்பது அறுபது பேரோடு ஓடும் பட்டறைக்கு 46ஆவது பிரிவு பொருந்தவில்லை. அந்தப் பட்டறையின் கேன்டீன் கேட்டுக்கு வெளியே சக்கரத்தில் நிற்கிறது. தள்ளுவண்டி எங்கே மொய்க்கிறது என்று பார்த்தாலே சட்டம் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்.

கேன்டீன் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கவும் வழியில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்களுக்கு உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று, அங்கே ஐபோன் செய்து வாங்கும் ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கொண்டது. கெட்டுப்போன சோறு ஒரே இரவில் செய்தியாகிறது. அளவில்லாத வெள்ளைச் சோறும் தண்ணீராக ஓடும் சாம்பாரும் ஒரு கரண்டிப் பொரியலும் பத்து வருடம் கழித்துத்தான் லேப் ரிப்போர்ட்டில் தெரியவரும். அதற்கு யாரும் சாலையில் உட்காரமாட்டார்கள்.

வரி போட்டால் குறையுமா? 2016இல் கேரளம் பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 சதவீதக் கொழுப்பு வரி விதித்தது. அது பெயர்பெற்ற உணவகங்களுக்கு மட்டும், அடுத்த ஆண்டு ஜிஎஸ்டியில் கரைந்தும் போனது. அப்படியொரு வரி கும்மிடிப்பூண்டியில் ஒரு வண்டியைக்கூடத் தொட்டிருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜிஎஸ்டி மாற்றம் எதிர்த்திசையில் போகிறது: சர்க்கரை கலந்த குளிர்பானத்துக்கு 40 சதவீதம் என்பது சரி, ஆனால் பிஸ்கட்டும் மிக்சரும் நூடுல்ஸும் 5 சதவீதத்துக்கு இறங்கின, பரோட்டாவுக்கு வரியே இல்லை. பெட்டிக்கடையின் மலிவு இன்னும் மலிவாகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் கட்டியது உருப்படியான வேலை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவக் கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற 2018 விதியும் நல்லதுதான், சாலையோரத்தில் அதை யார் அளக்கிறார்கள் என்பது வேறு.

தொழிற்சாலைக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024இல் தொடங்கியது. நோயைக் கண்டுபிடிப்பதில் அது பெரிய உதவி. "ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுடுங்க, எண்ணெய்ப் பண்டம் வேணாம்" என்று செவிலியர் சொல்லும் அறிவுரைக்கு ஏற்ற சாப்பாடு அந்த வட்டாரத்தில் அந்த நேரத்தில் கிடைக்க வேண்டுமே! அம்மா உணவகத்தின் சப்பாத்தி சென்னையில் மாலையில் கிடைக்கும், செகண்ட் ஷிஃப்ட் விடும்போது அது மூடியிருக்கும்.

2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது கேன்டீனுக்கான வரம்பை 250இலிருந்து 100ஆகக் குறைத்து, ஒப்பந்தத் தொழிலாளரையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்கிறது. காண்ட்ராக்ட் ஆட்களைக் கணக்கில் காட்டாமல் தப்பித்துவந்த ஆலைகளுக்கு இது நெருக்கடி. ஐம்பது பேர் பட்டறை இப்போதும் வெளியேதான். அவற்றுக்கு நிலமும் சாலையும் தண்ணீரும் தருவது சிப்காட்டும் சிட்கோவும். பேட்டைக்கு ஒன்றாகப் பொதுக் கேன்டீன் கட்டி, பட்டறைகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, இரவு பதினொரு மணிவரை திறந்துவைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அதில் சுண்டலும் முட்டையும் கீரையும் இருக்க வேண்டும், பீகார்க்காரருக்குச் சத்துமாவும் ரொட்டியும் இருக்க வேண்டும், வண்டிக்காரர்களில் சிலரையே அங்கே சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். விலை எக் ரைஸைவிட ஐந்து ரூபாயாவது குறைவாக இருக்க வேண்டும், பரிமாற நாலு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது.